குகைக்குள் பச்சை எவ்வளவு தூரம் செல்லும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டில் குன்றில்லாத வட்டாரம் குறைவு. குன்றிருக்கும் இடத்தில் பாறை இடுக்கோ குகையோ இல்லாமல் இருப்பதும் குறைவு. மருதமலையில் பாம்பாட்டிச் சித்தர் குகைக்குச் செல்பவர்களும், வெள்ளியங்கிரி ஏறுபவர்களும், அறச்சலூர் நாகமலையிலும் புகலூர் ஆறுநாட்டான் மலையிலும் உள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டுகளைப் பார்க்கச் செல்பவர்களும் பாறைவாயிலின் ஓரத்தில் படர்ந்திருக்கும் பச்சையைக் கண்டு கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். வௌவாலும் பூச்சியும் தேவைப்படும் இடத்தில் மட்டும் தலைகாட்டும்.

வெளிச்சமே இல்லாத குகையில் பாசி எப்படி வளர்கிறது?

வளர்வதில்லை. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும் என்ற விதியிலிருந்து குகைக்கு விலக்கு எதுவும் இல்லை. நமக்கு இருட்டாகத் தெரியும் இடமெல்லாம் முழு இருட்டு அல்ல. நமக்கு வெளிச்சமாகத் தெரியும் இடமெல்லாம் செடிக்குப் போதுமான வெளிச்சம் உடையதும் அல்ல. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி இருக்கிறது. விளக்கு எரியும் வீட்டு அறையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவுக்கே வரும். இந்த மூன்று நிலையிலும் நாம் நடந்து திரிய முடிகிறது என்பதால், கண் இந்தப் பெரும் வேறுபாட்டை நமக்குக் காட்டிக்கொடுப்பதில்லை.

பச்சை உயிருக்கோ இது வரவு செலவுக் கணக்கு. பகலில் ஒளிச்சேர்க்கையால் ஈட்டும் சர்க்கரையும், இரவும் பகலும் சுவாசத்தில் செலவாகும் சர்க்கரையும் சரிக்குச் சரியாக நிற்கும் ஒளியளவு ஒன்று ஒவ்வோர் உயிருக்கும் உண்டு. அதை ஈடுசெய் புள்ளி என்பர். அதற்குக் கீழே உள்ள ஒளியில் சில காலம் உயிர் பிழைத்திருக்கலாம், ஆனால் வளர முடியாது. குகைவாழ் பச்சை உயிர்களின் தகவமைப்புகள் பெரும்பாலும் இந்தப் புள்ளியைக் கீழே இறக்குவதற்கான வழிகளே. ஒளி முற்றிலும் எட்டாத ஆழத்தில் வெள்ளைப் படலமோ மஞ்சள் புள்ளிகளோ தெரிந்தால், அவை பூஞ்சையாகவோ பாக்டீரியாவாகவோ இருக்கும், பாசி அல்ல.

கொங்கு நாட்டுக் குகைகளில் அவ்வளவு ஆழமான இருட்டு உண்டா?

பெரும்பாலும் இல்லை. நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து உண்டாக்கும் கிலோமீட்டர் கணக்கான குகைகள் வேறு வகை. ஆந்திரத்தின் போரா குகையும் பேலம் குகையும் அவ்வகையைச் சேர்ந்தவை. நம் குன்றுகள் பெரும்பாலும் சார்னகைட், நைஸ், கிரானைட் போன்ற கடும்பாறைகளால் ஆனவை. அவை அவ்வாறு கரைவதில்லை. பாறை வெடித்துச் சரிந்து, உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இடைவெளியும், மேற்பாறை கூரைபோல் முன்னே நீண்டு நிற்கும் ஒதுக்கிடமும்தான் இங்கே குகை எனப்படுகின்றன. வெள்ளியங்கிரி உச்சியில் சிவன் இருக்கும் இடமே பெரும்பாறைகள் சேர்ந்து அமைத்த இடைவெளிதான். மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சுண்ணாம்புக்கல் உண்டு என்றாலும், அவை சிமென்ட் ஆலைகளுக்குக் கல் வெட்டும் இடங்களாகவே அறியப்பட்டவை.

ஆகவே நம் குகைகளில் முழு இருட்டுப் பகுதி சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும். வாயிற்பகுதியும் அதற்கடுத்த மங்கல் ஒளிப் பகுதியுமே பெரும்பங்கு. பச்சை உயிர்களைப் பார்க்க விரும்புபவருக்கு இது குறையல்ல. சுவையான மாற்றங்கள் எல்லாம் நடப்பது மங்கல் பகுதியில்தான்.

வாயிலிலிருந்து உள்ளே செல்லச் செல்ல எவை எவை தென்படும்?

வாயிலில் பூக்கும் செடிகளும் புற்களும் இருக்கும். சில அடி உள்ளே பெரணிகள். அதன்பின் மெத்தைபோல் படரும் மாஸ் வகைகளும், பாறையில் தட்டையாக ஒட்டும் ஈரல் தாவரங்களும். அதற்கும் உள்ளே பசும்பாசியும், இறுதியாகப் பாறையோடு பாறையாக ஒட்டிய நீலப்பசும்பாசியும் இருக்கும். ஐரோப்பிய சுண்ணாம்புக் குகையானாலும் நம் ஊர்ப் பாறை இடுக்கானாலும் வரிசை ஏறத்தாழ இதுவே. உடல் அமைப்பு எவ்வளவு எளிமையோ அவ்வளவுக்குச் செலவு குறைவு, அவ்வளவுக்கு உள்ளே போக முடியும் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வேரும் தண்டும் மரக்கட்டையும் ஒளிச்சேர்க்கை செய்யாமல் உட்கார்ந்து உண்ணும் உறுப்புகள். வருமானம் குறைந்த வீட்டில் அவற்றை வைத்துக் காப்பாற்ற முடியாது.

நிறத்தையும் கவனியுங்கள். வெயில்படும் பாறைச் சரிவில் மழைநீர் வழிந்த தடங்கள் கரிய கோடுகளாகத் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை வெறும் அழுக்கல்ல, உயிருள்ள நீலப்பசும்பாசிகளே. கடும் வெயிலிலிருந்தும் புற ஊதாக் கதிரிலிருந்தும் தப்பிக்க அவற்றில் பல ஸ்கைட்டோனெமின் என்ற பழுப்புக் கறுப்பு நிறமியைத் தம் உறையில் பூசிக்கொள்கின்றன. அதே வகை உயிர் குகைக்குள் அந்தக் குடையைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆகவே உள்ளே போகப்போகக் கறுப்பு நீங்கி நீலப்பச்சை வெளிப்படும். ட்ரென்டிபோலியா என்ற பாசியும் அப்படித்தான். பசும்பாசி வகையைச் சேர்ந்தது என்றாலும் கரோட்டின் நிறமி மிகுந்திருப்பதால் சுவரிலும் மரப்பட்டையிலும் காவி நிறத்தில் தெரியும். நிழலில் வளரும்போது பச்சை கூடும்.

குறைந்த ஒளியை வைத்து அவை எப்படிக் காலம் தள்ளுகின்றன?

இதற்கு மூன்று வழிகள் உண்டு. கிடைக்கும் ஒளியை விடாமல் பிடிப்பது முதல் வழி. செலவைச் சுருக்குவது இரண்டாவது. மற்றவர்கள் விட்டுவைத்த ஒளியை உண்பது மூன்றாவது. மூன்றாவது வழியைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

ஒளியைப் பிடிப்பதில் நிறமிக் கூட்டத்தின் அளவுதான் முதன்மையானது. ஒளியாற்றலை வேதியாற்றலாக மாற்றும் ஒவ்வொரு ஒளிவினை மையத்தையும் சுற்றிப் பல நூறு பச்சைய மூலக்கூறுகள் ஒளியைப் பிடித்து மையத்துக்கு அனுப்பும் வேலையைச் செய்கின்றன. நொய்யல் குளங்களை அறிந்தவருக்கு இதை விளக்குவது எளிது: மழை குறைந்த பகுதியில் குளத்துக்கு நீர்ப்பிடிப்புப் பரப்பு அகன்றிருக்க வேண்டும், மதகுகள் ஒன்றிரண்டு போதும். அதுபோல நிழல்வாழ் உயிர்கள் ஒளி பிடிக்கும் நிறமிகளைப் பெருக்கி, ஒளிவினை மையங்களையும் சர்க்கரை செய்யும் ருபிஸ்கோ நொதியையும் குறைத்துக்கொள்கின்றன. தாவரங்களில் ‘பி’ வகைப் பச்சையத்தின் விகிதம் உயர்கிறது. பசுங்கணிகத்துக்குள் பச்சையத்தைத் தாங்கும் தைலக்காய்டு படல அடுக்குகள் உயரமாகின்றன. நீலப்பசும்பாசிகள் பைக்கோசயனின், பைக்கோஎரித்ரின் என்ற கூடுதல் நிறமிகளைக் கொண்டு, பச்சையம் சரியாகப் பிடிக்காத பச்சை, மஞ்சள், ஆரஞ்சு ஒளியையும் வளைத்துக்கொள்கின்றன.

செலவைச் சுருக்குவதில் கஞ்சத்தனம்தான் தகவமைப்பு. இலை மெலிகிறது, சில பெரணிகளில் ஒரே செல் அடுக்கு அளவுக்கு. இலைகள் ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழாதபடி தட்டையாக விரிகின்றன. ஃபிஸ்ஸிடென்ஸ் என்ற மாஸின் இலைகள் இருபுறமும் சீப்புப்போல் ஒரே தளத்தில் அமைந்து வாயிலை நோக்கி நிற்பதைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். சுவாசம் மந்தமாகிறது. வளர்ச்சியும் மந்தமாகிறது, ஆண்டுக்கு ஒரு விரற்கடை வளராவிட்டாலும் அதனால் அவற்றுக்கு நட்டமில்லை, போட்டியாளர் யாரும் அங்கே இல்லை.

இந்தக் கஞ்சத்தனத்துக்கு ஒரு விலையும் உண்டு. நிழலுக்குப் பழகிய உயிர்மேல் திடீரென்று நேர் வெயில் பட்டால், பிடித்த ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் அதன் ஒளிவினை அமைப்பே பழுதாகிவிடும். குகைக் கூரையின் ஒரு கல் பெயர்ந்து விழுந்து புதிதாக வெயில் நுழைந்த இடத்தில், பல்லாண்டுப் பச்சை வெளிறிப்போவது அதனால்தான்.

ஒளிச்சேர்க்கை நடப்பதற்கான ஆகக் குறைந்த ஒளி எவ்வளவு?

குகைக்கு வெளியிலிருந்து ஒரு சான்று சொல்லலாம். பஹாமாஸ் தீவுகளுக்கு அருகே கடலில் 268 மீட்டர் ஆழத்தில் பாறையோடு ஒட்டி வளரும் சிவப்புப் பாசி கண்டறியப்பட்டது. 1985ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி அங்கே எட்டும் ஒளி கடற்பரப்பில் உள்ளதில் 0.0005 விழுக்காடு. அதாவது இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. பூக்கும் செடிகளில் எதுவும் அந்த அளவை நெருங்க முடியாது.

இருட்டில் தானே ஒளிரும் பாசி உண்டாமே?

தானே ஒளிர்வதில்லை, வாங்கிய ஒளியைத் திருப்பித் தருகிறது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் போன்ற குளிர்நாடுகளின் குகைகளிலும் முயல்வளைகளிலும் வளரும் ஸ்கிஸ்டோஸ்டெகா பென்னேட்டா என்ற மாஸ்தான் இந்தப் புகழுக்கு உரியது. அதன் இளம்பருவ இழைகளில் உள்ள செல்கள் உருண்டையான வில்லைபோல் அமைந்து, வாயிலிலிருந்து வரும் மங்கல் ஒளியைச் செல்லின் பின்சுவரில் குவிக்கின்றன. பசுங்கணிகங்கள் அங்கே வந்து கூடிநிற்கின்றன. பயன்படாத ஒளி வந்த வழியே திரும்புவதால், வாயிற்பக்கம் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பொற்பச்சையாக மின்னுகிறது. பக்கவாட்டில் நகர்ந்தால் மின்னல் மறைந்துவிடும். இரவில் வண்டியின் முன்விளக்கில் மாட்டின் கண் மின்னுவதை ஒத்த நிகழ்வு இது. ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் யொஷிமி என்ற இடத்தில் உள்ள பழங்குகைகளில் வளரும் இந்த மாஸ் 1928ஆம் ஆண்டே இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டில் இதற்கு உறவுமுறை இல்லாத, ஆனால் பார்வைக்கு ஒத்த உயிர் ஒன்று உண்டு. சயத்தோடியம் என்ற மெல்லிய ஈரல் தாவரம் மழைக்காலத்தில் நிழலான ஈரச் சுவர்களிலும் பாறைக் குடைவுகளிலும் ஒட்டிப் படரும். ஒரு கோணத்தில் சாய்ந்து பார்த்தால் மஞ்சள் கலந்த பச்சை மினுமினுப்பு தெரியும். அதன் சிற்றினம் ஒன்றின் அறிவியல் பெயரே குகைக்குரியது என்ற பொருள் தரும்.

மற்றவர்கள் விட்டுவைத்த ஒளியை உண்பது என்றால் என்ன?

இந்தப் பொருளில் அண்மைக்காலத்தின் பெரிய செய்தி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

சாதாரணப் பச்சையம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களைப் பயன்படுத்துகிறது. 700க்கு மேல், சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்குக் கிட்டத்தட்ட எட்டாத தொலைசிவப்பு ஒளி தொடங்குகிறது. ஓர் ஒளித்துகளுக்கு உள்ள ஆற்றல் அதில் குறைவு என்பதால், ஒளிச்சேர்க்கைக்கு அது உதவாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1996ஆம் ஆண்டு அக்காரியோகுளோரிஸ் மெரைனா என்ற கடல்வாழ் நீலப்பசும்பாசி அறிவிக்கப்பட்டபோது, அதன் பச்சையத்தில் பெரும்பகுதி ‘டி’ வகையாக இருந்தது. அது 700ஐத் தாண்டியும் வேலை செய்தது. 2010இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் உள்ள பாசிப்படிவப் பாறைகளிலிருந்து இன்னும் தொலைவான சிவப்பை உறிஞ்சும் ‘எஃப்’ வகைப் பச்சையம் கிடைத்தது.

குகைக்கு இதில் என்ன தொடர்பு என்றால், குகைக்குள் ஒளி குறைவது மட்டுமல்ல, அதன் நிறமும் மாறுகிறது. சுண்ணாம்புப் பாறை கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொண்டு, தொலைசிவப்பையும் அதற்கு அப்பாலுள்ளதையும் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது. ஒளி சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பி வளைவுகளைக் கடக்கும்போது, ஒவ்வொரு முறையும் இந்த வடிகட்டல் நிகழ்கிறது. வாயிலில் இருக்கும் பச்சை உயிர்களும் தமக்கு வேண்டிய நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு எஞ்சியதையே உள்ளே விடுகின்றன. ஆகவே ஆழத்தில் மனிதக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலும் தொலைசிவப்பு மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள கார்ல்ஸ்பாட் குகைகளில், கைவிளக்கு அடித்தால்தான் தெரியும் மூலைகளில் பச்சைப் படலமாக நீலப்பசும்பாசிகள் வாழ்வதையும், அவற்றில் ‘டி’, ‘எஃப்’ வகைப் பச்சையங்கள் இருப்பதையும் 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது.

நம் பக்கத்துச் சார்னகைட் கருநீலச் சாம்பல் நிறம் கொண்டது. சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் கரிபிடித்த அடுப்படிச் சுவருக்கும் உள்ள வேறுபாடு அதற்கும் வெண்பாறைக்கும் உண்டு. ஒரே அளவு வாயில் இருந்தாலும் கரும்பாறைக் குகை விரைவில் இருண்டுவிடும்.

இது பிறவியிலேயே வந்த தகவமைப்பா, அல்லது இருட்டில் வைத்தால் எந்தப் பாசியும் பழகிவிடுமா?

இரண்டும் உண்டு, இவற்றைப் பிரித்துச் சொல்லாததால் பள்ளிப் பாடங்களிலும் குழப்பம் வருகிறது. அக்காரியோகுளோரிஸுக்கு ‘டி’ வகைப் பச்சையம் நிலையான சொத்து. வேறு பல நீலப்பசும்பாசிகள் வெண்ணொளியில் இருக்கும்வரை சாதாரணப் பச்சையத்தோடு வாழ்கின்றன; தொலைசிவப்பு மட்டும் கிடைக்கும் நிலை வந்தால், சுமார் 20 மரபணுக்கள் கொண்ட ஒரு தொகுதியை இயக்கி, ஒளிவினை அமைப்பின் புரதங்களையே மாற்றிக் கட்டி, ‘எஃப்’ வகைப் பச்சையத்தைச் செய்துகொள்கின்றன. 2014இல் விளக்கப்பட்ட இந்த மாற்றம் சில நாட்களில் நிகழ்ந்து முடியும். வெளிச்சம் திரும்பினால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். அந்த மரபணுத் தொகுதி பரம்பரையாக வந்த தகவமைப்பு. அதை இயக்குவது அந்தந்த உயிர் தன் வாழ்நாளில் செய்யும் சரிக்கட்டல். தொகுதி இல்லாத பாசியை எத்தனை ஆண்டு இருட்டில் வைத்தாலும் பழகாது.

பூக்கும் செடிகள் ஏன் உள்ளே வர முடிவதில்லை?

மாரியம்மன் நோன்புக்கு முளைப்பாரி போட்டவர்களுக்கு விடை பாதி தெரியும். வெளிச்சம் புகாத அறையில் வளர்த்த முளைகள் நெடுநெடுவென்று உயர்ந்து, வெளிறிய மஞ்சள் நிறத்தில் நிற்கும். விதையில் உள்ள சேமிப்பைத் தண்டை நீட்டுவதிலேயே செலவழித்து வெளிச்சத்தைத் தேடுவது அவற்றின் இயல்பு. பச்சையம் உருவாகும் வழியில் ஒரு படியை முடிக்கும் நொதி, பூக்கும் தாவரங்களில் ஒளி பட்டால்தான் வேலை செய்யும். நீலப்பசும்பாசிகள், பசும்பாசிகளில் பல, மாஸ்களிலும் பெரணிகளிலும் பல ஆகியவற்றிடம் ஒளி தேவைப்படாத மற்றொரு நொதியும் இருப்பதால் அவை இருட்டிலும் பச்சையம் செய்துகொள்கின்றன. வௌவால்கள் கொண்டுவந்து போடும் பழவிதைகள் குகையின் உள்ளே முளைத்து, வெள்ளைக் குச்சிகளாக நின்று, சில வாரங்களில் சரிந்துவிடுவதற்கு இதுவும் காரணம்.

விதிவிலக்காக நிழலில் தேர்ந்த பூக்கும் செடிகளும் உண்டு. தென்கிழக்காசியச் சுண்ணாம்புக் குகைகளின் வாயிலில் வளரும் மோனோஃபில்லேயா வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு இலையோடு, அதுவும் விதையிலையே வளர்ந்து பெரிதான இலையோடு, காலம் கழித்துவிடுகிறது. சிக்கனத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

பெரணிகள் எப்படிச் சமாளிக்கின்றன?

பெரணிக்கு இரண்டு பிறவி உண்டு. நாம் பார்க்கும் இலைச்செடி ஒன்று. வித்திலிருந்து முதலில் முளைக்கும், நகக்கண் அளவே உள்ள மெல்லிய பச்சைத் தகடு மற்றொன்று. இலைச்செடிக்கு ஒளி போதாத இடத்திலும் அந்தச் சிறு தகடு பிழைத்துக்கொள்ளும். ஐரோப்பாவின் கில்லார்னி பெரணி ஈரமான பாறைப் பிளவுகளிலும் குகைகளிலும் பல இடங்களில் இந்தத் தகட்டுப் பருவத்திலேயே, இலை விடாமல், தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு வாழ்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பாறை ஒதுக்கிடங்களில் உள்ள ஒரு பெரணி இலைப் பருவத்தையே துறந்துவிட்டது.

மங்கல் ஒளியை உணரவும் பல பெரணிகளிடம் நியோகுரோம் என்ற கூரிய உணர்வி இருக்கிறது. சிவப்பையும் நீலத்தையும் ஒன்றாக உணரும் இந்த உணர்வியின் மரபணுவைப் பெரணிகள், மாஸுக்கு உறவான கொம்புத் தாவரங்களிடமிருந்து பெற்றன என்று 2014இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

எங்கள் ஊர்க் குகையில் வெளிச்சம் போதுமான அளவு இருந்தும் பச்சையே இல்லையே, ஏன்?

ஈரம் இல்லை. குகையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இருட்டையே பேசுகிறார்கள். கொங்கு நாட்டில் பச்சையின் எல்லையை வகுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பது என் கருத்து. கோவைச் சமவெளியில் ஆண்டு மழை சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மாசியில் தொடங்கும் வறட்சியில் பாறை அடுப்புக்கல்போல் காயும். பாறைப் பிளவில் கசிவோ சுனையோ உள்ள குகையில் மட்டும் ஆண்டு முழுவதும் பச்சை நிற்கும். வெள்ளியங்கிரிப் பாதையில் கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை ஆகிய இடங்களில் பாறையைச் சுற்றி நோக்கினால் தண்ணீர் வரும் வழி பச்சையாலேயே வரையப்பட்டிருக்கும்.

கசிவில்லாத குகையில் வாழ்பவை உலர்ந்து காத்திருக்கும் கலையைக் கற்றவை. பல மாஸ்கள் மொறுமொறுவென்று காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தும், நனைந்த சில மணி நேரத்தில் மீண்டும் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடுகின்றன. பூஞ்சையும் பாசியும் கூட்டாக வாழும் லைக்கன்களில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு: பசும்பாசியைக் கூட்டாளியாகக் கொண்டவை காற்றின் ஈரப்பதத்தை வைத்தே விழித்துக்கொள்ளும், நீலப்பசும்பாசியைக் கூட்டாளியாகக் கொண்டவற்றுக்குச் சொட்டு நீராவது வேண்டும். எனவே மழை நேரடியாகப் படாத பாறைக் கூரையின் அடியில், மாவு தூவியதுபோல் வெளிர்பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் லெப்ராரியா போன்ற பசும்பாசி லைக்கனாக இருக்கும்; நீர் வழியும் தடத்தில் நீலப்பசும்பாசி இருக்கும்.

வாயில் எந்தத் திசையை நோக்குகிறது என்பதும் இதில் சேரும். நம் ஊர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். தெற்கு நோக்கிய குகைக்குள் அப்போது வெயில் நீளும். மழை முடிந்து பாறை ஈரமாக இருக்கும் மாதமும் அதுவே. கிழக்கு வாயில் உள்ள குகைக்குள் ஆண்டு முழுவதும் காலை வெயில் ஆழமாகப் புகும், ஆனால் விரைவில் உலர்த்தியும் விடும். எது நல்ல வாயில் என்பதைக் கசிவு இருக்கிறதா இல்லையா என்பதோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

உரம் எங்கிருந்து கிடைக்கிறது?

கசிவு நீர் கொண்டுவரும் கனிமங்கள் கொஞ்சம். வௌவால் எச்சம் கொஞ்சம். எச்சம் மிகுந்தால் அமிலமாகிப் பச்சையைக் கருக்கிவிடும். நாஸ்டாக், சைட்டோனீமா போன்ற நீலப்பசும்பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனையே உரமாக்கிக்கொள்வதால், வெறும் பாறையில் முதலில் குடியேறுபவை அவையே.

பாசியால் பாறைக்குக் கேடு உண்டா?

உண்டு, ஆக்கமும் உண்டு. சில நீலப்பசும்பாசிகள் தம் இழைகளைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படியவைக்கின்றன. வேறு சில பாறையைத் துளைத்து அரிக்கின்றன. போர்னியோத் தீவின் முலு குகைகளில், வாயிலை நோக்கிச் சாய்ந்த ஊசிமுனைகளாகச் சுண்ணாம்புப் பாறை அரிக்கப்பட்டிருக்கிறது. ஒளி வரும் திசையில் பாசி அரித்ததால் வந்த வடிவம் அது. நம் கடும்பாறையில் இவ்வளவு தெளிவாக நிகழாது.

குகைக் கோயிலில் மின்விளக்குப் போட்ட பிறகு சுவர் பச்சையாகிறது. என்ன செய்வது?

விளக்குப் பாசி என்று இதைக் குறிப்பிடலாம். உலகெங்கும் சுற்றுலாக் குகைகளில் நேர்ந்திருப்பதும் இதுவே. பிரான்சின் லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டு 1948இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோக, அவர்களின் மூச்சும் ஈரமும் விளக்கொளியும் சேர்ந்து பழங்கால ஓவியங்களின்மேல் பசும்பாசி படர, 1963இல் குகையை மூடவேண்டியதாயிற்று. பல்லாயிரம் ஆண்டு தாங்கியதை 15 ஆண்டு விளக்கு கெடுத்துவிட்டது.

நம் பக்கத்தில் கோவைக்கு அருகே குமிட்டிபதியில் வெண்ணிறப் பாறை ஓவியங்களும், அறச்சலூரில் தாளச்சொற்கள் பொறித்த கல்வெட்டும், நாமக்கல்லில் குடைவரைக் கோயில்களும் உள்ளன. இத்தகைய இடங்களில் விளக்கு வைக்க நேர்ந்தால், சுவரை ஒட்டி வைக்காமல் தள்ளி வைப்பதும், ஆள் இருக்கும்போது மட்டும் எரியவிடுவதும், சூடு குறைந்த எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்துவதும் பாசியைக் குறைக்க உதவும். படர்ந்த பாசியைத் துடைப்பத்தாலும் கம்பித் தூரிகையாலும் தேய்ப்பது பாசியைவிடக் கேடு. எழுத்தும் சேர்ந்து போய்விடும். சில நாடுகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், ஓவியமோ எழுத்தோ உள்ள பாறையில் தொல்லியல் துறையினர் தவிர வேறு எவரும் எதையும் தெளிக்கக் கூடாது.

கடையில் வாங்கும் கல்பாசி குகையில் எடுப்பதா?

இல்லை. அது திறந்த வெளியில், மரப்பட்டையிலும் பாறையிலும் வளரும் லைக்கன்.

கைப்பேசியில் லக்ஸ் அளந்து பார்க்கலாமா?

ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும். வாயிலில் ஓர் அளவு, பத்தடிக்கு ஓர் அளவு என்று குறித்துக்கொண்டு, எந்த அளவில் பெரணி நின்றது, எந்த அளவில் மாஸ் நின்றது என்று எழுதிவைத்தால் நல்ல பதிவாகும். ஆனால் லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டி வகுத்த அலகு. தொலைசிவப்பை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சுழியம் என்று கைப்பேசி காட்டும் இடத்தில் பாசிக்குச் சுழியம் என்று பொருளில்லை. பாறைக் கூரையில் மலைத்தேனீ அடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காட்டுப் பகுதியானால் வனத்துறையின் அனுமதி பெறுங்கள். பச்சையைத் தொடாமல் பாருங்கள்.

மலை ஏற முடியாதவர்கள் இதை வேறு எங்கே பார்க்கலாம்?

தோட்டத்துக் கிணற்றில் பார்க்கலாம். பாறையை வெட்டி இறக்கிய 60 அடி, 80 அடிக் கிணறு, வாயில் மேலே திறந்த ஒரு குகைதான். மேல் வரிசைக் கற்களில் புல்லும் அரசங்கன்றும், அதற்குக் கீழே கருந்தண்டுப் பெரணி, ஊற்றுக்கண் கசியும் இடத்தில் மாஸ், தண்ணீர் மட்டத்தை ஒட்டி நீலப்பச்சைப் படலம் என்று குகையில் கிடையாக இருக்கும் வரிசை இங்கே நெட்டாக இருக்கும். நண்பகலில் சில நிமிடம் வெயில் அடிவரை எட்டுவது ஒன்றுதான் வேறுபாடு. சூரியன் தலைக்கு நேர்மேலே வரும் சித்திரை மாதத்தில் அது நிகழும். வடபுறச் சுவரில் ஒரு வரிசையும் தென்புறச் சுவரில் வேறு வரிசையும் இருக்கும். தெற்கே சாய்ந்த மார்கழி வெயில் வடசுவரில் படும், தென்சுவர் அப்போது நிழலில் இருக்கும். படிக்கட்டுள்ள கிணறாக இருந்தால் நான்கைந்து படி இறங்கினாலே இந்த வேறுபாடு தெரியும். மோட்டார் ஓடும் நேரத்தில் இறங்க வேண்டாம்.